முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: நெக்கைக் கையால் பாருங்கள், பிக்கப்பைக் காதால் பாருங்கள்

நான் வாங்கிய முதல் எலெக்ட்ரிக் கிட்டாரின் நெக், அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி, ரொம்ப மெல்லியது. "மெல்லிய நெக்தான் வாசிக்க லேசு, உனக்கு விரல் சின்னது, அதுதான் சரி" என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நம்பி வாங்கினேன். இருபது நிமிடம் பார் கார்ட் (ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிக்கும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கார்ட்) பிடித்தால் போதும், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை இறுகிக்கொள்ளும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக வாசித்தேன். வலிதான் கூடியது. ஏழெட்டு மாதம் கழித்து நண்பர் வீட்டில் ஒரு பழைய கிட்டாரை எடுத்து மடியில் வைத்தேன். அதன் நெக் உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்குத் தடிமன். அரை மணி நேரம் வாசித்துவிட்டுக் கீழே வைக்கும்போதுதான் கவனித்தேன், கை வலிக்கவே இல்லை.

என் விரல் அன்றும் அதே நீளம்தான். என் கை பிடிக்கும் விதத்துக்குத் தடித்த நெக் பொருந்தியது, அவ்வளவுதான். கடையில் பத்து நிமிடம் நிதானமாகப் பார்த்திருந்தால் அந்த ஏழெட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். முதலில் நெக், அப்புறம் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி. காரணம் எளிது. பிக்கப் பிடிக்கவில்லை என்றால் சில ஸ்க்ரூக்களைக் கழற்றி, சால்டரிங் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வேறு பிக்கப் போட்டுக்கொள்ளலாம். நெக் அப்படி இல்லை. கிப்சனின் லெஸ் பால் வகைக் கிட்டாரில் நெக்கை உடலோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்), டெலி (டெலிகாஸ்டர்) வகைகளில் நாலு ஸ்க்ரூவில் நிற்கும், மாற்றலாம்தான். ஆனால் ஆரம்ப நிலைக் கிட்டாருக்குத் தனியாக ஒரு நல்ல நெக் வாங்கினால் செலவு கிட்டாரின் விலையையே தொட்டுவிடும். நெக்தான் நீங்கள் கூடவே வாழப்போகும் பகுதி.

கடைக்குக் கிளம்பும் முன்

நகம் வெட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழக்கமான பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு ட்யூனர் ஆப் இருக்கட்டும். அடிக்கடி கேட்கும் பாட்டுகளில் எந்தக் கிட்டார் ஒலி உங்களை நிறுத்திக் கேட்க வைக்கிறது என்று ஒரு தாளில் நாலைந்து எழுதுங்கள். மணி போல் தெளிவான ஒலியா, கரகரவென்று கனத்த டிஸ்டார்ஷனா, வெண்ணெய் போல் உருண்டையாக நீளும் ஸ்வரமா என்று எழுதினால் போதும். பிக்கப் பகுதிக்கு வரும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

இதுவரை அக்கூஸ்டிக்கில் மட்டும் பழகியிருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். அக்கூஸ்டிக்கின் தடித்த கம்பிகளில் அழுத்திப் பழகிய விரலுக்கு எந்த எலெக்ட்ரிக் கிட்டாரும் முதல் ஐந்து நிமிடம் பஞ்சு மாதிரிதான் இருக்கும். அந்த மகிழ்ச்சியில் கையில் கிடைத்த முதல் கிட்டாரையே வாங்கிவிடக் கூடாது. குறைந்தது மூன்று கிட்டாராவது எடுத்துப் பாருங்கள்.

நெக்: கண்ணை மூடிக்கொண்டு தொடங்குங்கள்

நிறம், பெயர், விலைச்சீட்டு மூன்றையும் மறந்துவிட்டு கிட்டாரை மடியில் வைத்துக் கண்ணை மூடுங்கள். இடது கையை முதல் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை மெதுவாக மேலும் கீழும் ஓட்டுங்கள். நெக் பொதுவாக உடலை நோக்கிப் போகப்போகத் தடிக்கும். இன்றைய சாதாரண நெக் முதல் ஃப்ரெட்டில் சுமார் 21 மி.மீ., பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுமார் 23 மி.மீ. தடிமன் இருக்கும். இபனெஸின் விசார்ட் வகை நெக்குகள் 19 மி.மீ. அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கும். பழைய பாணித் தடித்த நெக் முதல் ஃப்ரெட்டிலேயே 23 மி.மீ. தாண்டும். எண்ணாகப் பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கைக்கு அது பென்சிலுக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் உள்ள தூரமாகத் தெரியும்.

தடிமனோடு சேர்த்து வடிவத்தையும் பாருங்கள். நெக்கைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்துக்கு ஆங்கில எழுத்துகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். சி வடிவம் சீரான வளைவு, இன்று பெரும்பாலான கிட்டார்களில் அதுதான். யு வடிவத்தில் இரண்டு தோள்களும் புடைத்திருக்கும், உள்ளங்கை முழுக்க நிறையும். டி வடிவத்தில் முதுகு தட்டையாக இருக்கும். வி வடிவத்தில் நடுவே ஒரு முகடு ஓடும், ஓட்டு வீட்டுக் கூரையைத் தடவுவது போல. எரிக் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் செய்யும் ஸ்ட்ராடோகாஸ்டரில் இருப்பது இந்த முகடு கொஞ்சம் மழுங்கிய வி நெக்.

இவற்றில் எது உங்களுக்கு என்பதைக் கட்டைவிரல்தான் சொல்லும். உங்கள் கட்டைவிரல் இயல்பாக எங்கே போய் உட்காருகிறது என்று கவனியுங்கள். சிலருக்கு அது நெக்கின் முதுகில், நடுவிரலுக்கு நேர் எதிரே நிற்கும். சிலருக்கு நெக்கின் மேல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும், கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பது போல. முதல் வகையினருக்கு டி வடிவமும் மெல்லிய சி வடிவமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். இரண்டாம் வகையினருக்கு வி, யு, தடித்த சி ஆகியவற்றில் பிடிமானம் கிடைக்கும். நான் இரண்டாம் வகை. மெல்லிய தட்டை நெக்கில் என் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே வெற்றிடம் விழுந்தது, அதை ஈடுகட்டக் கட்டைவிரல் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. அந்த வலி அங்கிருந்துதான் வந்தது.

தடித்த நெக்கில் வேகமாக வாசிக்க முடியாது என்று யாராவது சொன்னால் பிரையன் மேயை நினைத்துக்கொள்ளுங்கள். 1963-ல் அவரும் அவருடைய அப்பாவும் சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாரைத்தான் அவர் குவீன் ராக் குழுவில் அன்றிலிருந்து இன்றுவரை வாசித்துவருகிறார். பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டத்திலிருந்து செதுக்கிய அந்த நெக் நல்ல தடிமன்.

இப்போது உட்கார்ந்து சோதிக்க வேண்டியது. எஃப் பார் கார்டை முதல் ஃப்ரெட்டில் பிடித்து, இரண்டு நிமிடம் விடாமல் மெதுவாகத் தட்டுங்கள். பார் கார்ட் இன்னும் வரவில்லையா, ஆள்காட்டி விரலை மட்டும் ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்திக்கொண்டிருங்கள். இரண்டு நிமிடம் முடிந்ததும் கையை எடுத்து, வலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆள்காட்டி விரலில் வலித்தால் கவலை வேண்டாம், அது பழக்கத்தில் போய்விடும். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ இழுத்துப் பிடித்தால் அந்த நெக்கைச் சந்தேகப்படுங்கள். பிறகு கிட்டாரைப் பட்டையில் மாட்டி நின்றுகொண்டும் இதையே செய்யுங்கள். உட்காரும்போது வசதியாக இருந்த நெக், நின்றால் மணிக்கட்டை மடக்க வைப்பதுண்டு. கிப்சனின் எஸ்.ஜி. வகைக் கிட்டார்களில் தலைப்பக்கம் கீழே சாயும், இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். இது நின்றால்தான் தெரியும்.

நெக் வித்தியாசத்தைக் கையில் உணர எனக்குத் தெரிந்த சிறந்த வழி எபிஃபோனின் லெஸ் பால் ஸ்டாண்டர்டு. அதில் 50ஸ் என்று ஒன்றும் 60ஸ் என்று ஒன்றும் விற்கிறார்கள். உடல் ஒன்றே, நீளம் ஒன்றே, பிக்கப்பும் கிட்டத்தட்ட ஒரே ரகம். முதலாவதின் நெக் உருண்டு தடித்தது, இரண்டாவதின் நெக் மெலிந்தது. லெஸ் பால் வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், கடையில் இரண்டும் இருந்தால் அடுத்தடுத்து மடியில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடையில் எந்தக் கிட்டாரை எடுத்தாலும் உங்களிடம் ஒரு அளவுகோல் இருக்கும்.

ஸ்கேல் நீளமும் கம்பியின் இறுக்கமும்

தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து, உடல்பக்கம் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். ஃபெண்டர் வகை 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் வகை 24.75 அங்குலம், சுமார் 629 மி.மீ. பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் கிட்டார்கள் நடுவே 25 அங்குலம். ஒரே கம்பியை ஒரே ஸ்ருதிக்குக் கட்டினால் நீண்ட ஸ்கேலில் இறுக்கம் சுமார் ஆறு சதவீதம் கூடும். அதனால் ஸ்ட்ராடில் கம்பி கொஞ்சம் விறைப்பாகவும், லெஸ் பாலில் கொஞ்சம் தளர்வாகவும் கைக்குத் தெரியும். முதல் நாலு ஃப்ரெட்டுக்கு விரலை விரித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 4 மி.மீ. சுண்டுவிரல் எட்டாமல் தவிக்கும் சின்னக் கைக்கு அந்த 4 மி.மீ. பெரிய உதவி. கை சின்னது என்று மெல்லிய நெக்கைத் தேடுபவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது குட்டை ஸ்கேல்தான்.

ஃப்ரெட்போர்டின் வளைவு

ஃப்ரெட் பதித்த நெக்கின் முன்பக்கப் பலகையான ஃப்ரெட்போர்டு தட்டையாகத் தெரிந்தாலும் குறுக்குவாட்டில் மெலிதாக வளைந்திருக்கும். அந்த வளைவை ஒரு பெரிய வட்டத்தின் ஆரமாகச் சொல்வார்கள். ஆரம் சிறிதானால் வளைவு அதிகம். பழைய ஃபெண்டர் 7.25 அங்குலம், இன்றைய ஸ்கொயர் ஸ்ட்ராட்கள் 9.5, கிப்சன் 12, யமஹா பசிபிகா 13.75, இபனெஸ் ஆர்.ஜி. வகைகள் 15.75.

வளைவு அதிகமான போர்டில் பார் கார்ட் கைக்கு இதமாக உட்காரும், விரலும் இயல்பிலேயே கொஞ்சம் வளைந்ததுதானே. சிக்கல் பெண்ட் செய்யும்போது, அதாவது ஸ்ருதியை ஏற்றக் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும்போது வரும். முதல் கம்பியை மேலே தள்ளினால் அது போர்டின் மேடான நடுப்பகுதிக்கு ஏறுகிறது. ஆக்ஷன் (போர்டிலிருந்து கம்பி நிற்கும் உயரம்) தாழ்வாக இருந்தால் அந்த மேட்டில் இருக்கும் அடுத்த ஃப்ரெட்டில் உரசி, ஸ்வரம் சட்டென்று செத்துவிடும். சோதிப்பது எளிது. முதல் கம்பியைப் பதினைந்தாம் ஃப்ரெட்டில் பிடித்து, இரண்டு ஃப்ரெட் ஏற்றத்துக்குத் தள்ளி நிறுத்துங்கள். ஸ்வரம் நீண்டு ஒலித்தால் சரி.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆசை உள்ளவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பிரசன்னா போன்ற கலைஞர்கள் கமகத்தை இந்த வாத்தியத்தில் முழுமையாகக் கொண்டுவர முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். கமகத்துக்குக் கம்பியை ஓயாமல் தள்ளவும் இழுக்கவும், ஒரே கம்பியில் நீளமாக வழுக்கவும் வேண்டும். 12 அங்குலத்துக்கு மேற்பட்ட தட்டையான போர்டு, உயரமான ஃப்ரெட், மெல்லிய கம்பி மூன்றும் சேர்ந்தால் விரல் தன்னிஷ்டம் போல் அசையும். உயரமான ஃப்ரெட்டில் விரல் நுனி மரத்தைத் தொடாமல் கம்பியை மட்டும் பிடிப்பதால் தள்ளுவது லேசாகிறது.

நட்டின் அகலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 41 மி.மீ.யிலிருந்து 43 மி.மீ. வரை இருக்கும். திறந்த சி கார்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். விரல் சரியாக ஊன்றியிருந்தும் பக்கத்துக் கம்பியைத் தொட்டு அடைக்கிறது என்றால் கொஞ்சம் அகலமானதைக் கேளுங்கள்.

வியர்வையும் மரமும்

நெக்கின் முதுகில் பளபளப்பான பூச்சு இருந்தால் ஈரக்காற்றில் கை ஒட்டும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். குளிர்சாதனக் கடையில் வழுக்கிக்கொண்டு போன கை, வீட்டில் மே மாத மதியம் பிசுக்கென்று நிற்கும். உங்களுக்குக் கை வியர்க்கும் என்றால் மங்கலான சாட்டின் பூச்சைத் தேடுங்கள். பளபளப்பை அப்புறம் தேய்த்து மங்கலாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு இரும்பு நாரை மட்டும் எடுக்காதீர்கள், அதன் துகள் பறந்து பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

நெக்கின் இரண்டு ஓரங்களிலும் விரலின் பக்கவாட்டை வைத்துத் தலையிலிருந்து உடல் வரை இழுத்துப் பாருங்கள். ஃப்ரெட்டின் நுனிகள் ரம்பம் போல் கீறினால், மரம் காய்ந்து சுருங்கியதில் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அரம் போட்டுச் சரிசெய்யக்கூடியதுதான், கடைக்காரரிடம் அதையும் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஃப்ரெட்போர்டு மரங்களில் ரோஸ்வுட் என்று எழுதியிருப்பது பல கிட்டார்களில் நம்ம ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு 2017-ல் வந்தபோது பல கம்பெனிகள் வேறு மரங்களுக்கு மாறின, 2019-ன் இறுதியில் முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ரோஸ்வுட்டா மேப்பிளா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேப்பிள் போர்டு பூச்சோடு வழவழப்பாக இருக்கும், ரோஸ்வுட் பூச்சில்லாமல் மரமாகவே இருக்கும். விரலுக்கு எது பிடிக்கிறதோ அது.

ஆக்ஷனை நெக் என்று நினைத்துவிடாதீர்கள்

புதிதாக வாங்குபவர்கள் நல்ல நெக்கை நழுவவிடுவது பெரும்பாலும் இங்கேதான். கடையில் தொங்கும் கிட்டார் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே இருக்கும். கம்பி போர்டிலிருந்து உயரமாக நின்றால், எந்த நெக்கும் கையை வதைக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 1.5 முதல் 2 மி.மீ. இருந்தால் வசதி. 3 மி.மீ. இருந்தால் அது செட்டப் (கம்பி உயரம் முதலியவற்றைத் திருகிச் சரிசெய்வது) குறை, நெக்கின் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நெக் நேராக இருக்கிறதா என்று பார்க்க, தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து உடலை நோக்கிப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அந்தக் கிட்டாரைத் திரும்ப மாட்டிவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும். முன்பக்கமாக லேசாக வளைந்திருந்தால் பயம் வேண்டாம். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவுக்கு, கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கச்சிதம். கூடக் குறைய இருந்தால் நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்வார்கள்.

எல்லாக் கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எங்கும் லேசான உரசல் என்றால் செட்டப்பில் போகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரகரவென்றால் அங்கே ஒரு ஃப்ரெட் மேலெழும்பியிருக்கிறது, இன்னொரு பீஸ் கேளுங்கள்.

கேட்கத் தயங்க வேண்டாம். "அண்ணே, இதோட ஆக்ஷனைக் கொஞ்சம் இறக்கி, ட்யூன் பண்ணித் தர்றீங்களா? அதுக்கப்புறம் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். கம்பியின் கனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் 9 எண் கம்பியும் (முதல் கம்பி 0.009 அங்குலம்) இன்னொன்றில் 10 எண் கம்பியும் (0.010 அங்குலம்) இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது நெக்கை இல்லை, கம்பியைத்தான்.

பிக்கப்: மூன்று குடும்பங்கள்

இப்போது நெக் பிடித்த கிட்டார் இரண்டோ மூன்றோ மிஞ்சியிருக்கும். இனி காதின் வேலை.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடி போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். இரும்புக் கம்பி மேலே அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம்தான் ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) போகிறது. இந்தச் சுருளுக்கு ஒரு தொல்லை உண்டு. வீட்டு மின்சாரத்தின் புலத்தையும் அது சேர்த்துப் பிடித்துவிடும். நம் ஊர்களில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாக முன்னும் பின்னும் அலைவதால், அதே சுருதியில் 'ம்ம்' என்று ஒரு ஹம் ஆம்பில் கேட்கும்.

சிங்கிள் காயில் முதல் குடும்பம். ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர் இரண்டிலும் இதுதான். 1954-ல் வந்த ஸ்ட்ராடில் மூன்று இருந்தன. ஒலி தெளிவு, கார்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், பிக் கம்பியைத் தொடும் 'டிக்' கூடக் கேட்கும். விரலின் பலத்தை மாற்றினால் ஒலி உடனே மாறும். தப்பு வாசித்தாலும் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஹம்மும் இருக்கும்.

அந்த ஹம்மை அடக்க, 1955-ல் கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சுற்றையும் காந்தத்தையும் தலைகீழாக்கினார். வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும். ஹம்மைத் தடுப்பதால் ஹம்பக்கர் என்று பெயர். 1957-லிருந்து லெஸ் பாலில் வந்தது. இரண்டு சுருள் என்பதால் ஒலி தடித்து, வெப்பமாக, நீண்டு நிற்கும், டிஸ்டார்ஷனில் கட்டுக்கோப்பாக இருக்கும். பதிலுக்கு மேல்ஸ்தாயியின் பளிச்சென்ற கூர்மை கொஞ்சம் மழுங்கும்.

மூன்றாவது பி-90. கிப்சன் 1946-ல் கொண்டுவந்த அகன்ற சிங்கிள் காயில். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே, கொஞ்சம் உறுமும் குரல். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த ஒலி இதுதான். ஆனால் இதிலும் ஹம் உண்டு, முதல் கிட்டாரிலேயே இதைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

பிக்கப் எங்கே இருக்கிறது என்பதும் அதன் ரகத்துக்குச் சமமாக முக்கியம். நெக் பக்கம் கம்பி அகலமாக ஆடுகிறது, அதனால் அங்கிருக்கும் பிக்கப் உருண்டையான ஒலியைத் தரும். பிரிட்ஜ் பக்கம் கம்பி விறைத்து நிற்கும், ஒலி மெலிந்து கூர்மையாகும். ஸ்ட்ராடில் ஸ்விட்சின் நடு இடங்களில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும்போது கண்ணாடி போன்ற ஒரு தனி ஒலி கிடைக்கும். அதற்காகவே ஸ்ட்ராட் வாங்குபவர்கள் உண்டு. பழைய மூன்று நிலை ஸ்விட்சை இடையில் சொருகி நிறுத்தி இந்த ஒலியை எடுத்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்சைக் கொண்டுவந்தது 1977-ல்தான்.

என்ன வாசிக்கப்போகிறோம் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு எச்.எஸ்.எஸ். அமைப்பை மனதாரச் சிபாரிசு செய்வேன். பிரிட்ஜில் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில். யமஹா பசிபிகா 112வி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்து சிங்கிள் காயிலாக மாறும். ஒலியின் அளவு குறையும், அசல் ஸ்ட்ராட் ஒலி அப்படியே வந்துவிடாது, ஆனாலும் ஒரே கிட்டாரில் இரண்டு குடும்பத்தையும் பழகிப் பார்க்கலாம்.

ஆல்நிகோ காந்தமா செராமிக் காந்தமா, எத்தனை கிலோஓம் என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருக்கும். பழைய பாணி ஹம்பக்கர் சுமார் 8 கிலோஓம், சூடான ரகம் 13-க்கு மேல். எண் கூடினால் பொதுவாகச் சத்தமும் நடுஸ்தாயியும் கூடும், கூர்மை குறையும். இதற்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டாம். ஆக்டிவ் பிக்கப் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். வயரைச் செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே போகும், வாசித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஆம்பில் செருகிக் கேட்பது

எல்லாக் கிட்டாரையும் ஒரே ஆம்பில், ஒரே வயரில் கேளுங்கள். எஃபெக்ட் எல்லாம் அணைத்து, பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் வைத்து, க்ளீனாகத் தொடங்குங்கள். கடையில் பெரும்பாலும் டிஸ்டார்ஷனை ஏற்றி வைத்திருப்பார்கள். அதில் எந்தப் பிக்கப்பும் பிரமாதமாகத்தான் கேட்கும்.

சத்த அளவைச் சமன் செய்வதில்தான் உங்கள் முடிவு நிற்கிறது. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். ஹம்பக்கர் இயல்பிலேயே சத்தம் கூடியது. அதனால் ஸ்ட்ராடிலிருந்து லெஸ் பாலுக்கு மாறும்போது ஆம்பின் வால்யூமைக் குறையுங்கள், இரண்டும் ஒரே உயரத்தில் கேட்கும் வரை. இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் எப்போதும் சூடான பிக்கப்பே ஜெயிக்கும், வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் ஒலி மொத்தையாக இருப்பது தெரியும்.

பிறகு ஒரே வரியை, உங்களுக்குத் தெரிந்த எதையாவது, ஒவ்வொரு ஸ்விட்ச் நிலையிலும் வாசியுங்கள். மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை. கிட்டாரின் வால்யூம் குமிழை பத்திலிருந்து ஆறுக்கு இறக்கிக் கேளுங்கள். நல்ல பிக்கப்பில் ஒலி சிறிதாகும், இருந்தாலும் உயிர் இருக்கும். சில கிட்டார்களில் போர்வை போர்த்தியது போல் மங்கிவிடும். வாசிக்கத் தெரியாதவர், தன்னோடு வரும் நண்பரை வாசிக்கச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். எந்தக் கிட்டார் என்று பார்க்காமல் கேட்டால் பெயர் காதுக்குள் புகுந்து வேலை செய்யாது.

கடைசியாக டிஸ்டார்ஷனை ஏற்றி, கம்பிகளைத் தொடாமல் நின்று ஹம்மைக் கேளுங்கள். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் அது இயல்பு, வயரிங் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் உள்ளே எர்த் இணைப்பில் கோளாறு. சிங்கிள் காயிலில் உடலோடு சேர்ந்து மெதுவாகச் சுற்றினால் ஒரு திசையில் ஹம் சட்டென்று தணியும், வீட்டிலும் அந்தத் திசையைக் கண்டுபிடித்து உட்காரலாம். உங்கள் அறையில் டிம்மர் வகை ஃபேன் ரெகுலேட்டர், பழைய சோக் ட்யூப்லைட், மலிவான சார்ஜர் எல்லாம் இருக்கிறதா? டிஸ்டார்ஷனில் நிறைய வாசிக்கும் ஆசையும் இருக்கிறதா? அப்படியென்றால் ஹம்பக்கர் பக்கம் சாயுங்கள். ஹம் போக வேண்டும் என்று ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டார் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன, உங்கள் விரல் அந்தக் கம்பிகளில் இருக்கிறது.

ஒன்றில் நெக், இன்னொன்றில் ஒலி

பெரும்பாலும் முடிவு இப்படித்தான் வந்து நிற்கும்: ஒரு கிட்டாரின் நெக் கைக்குள் கச்சிதம், இன்னொன்றின் ஒலி மனதுக்குள். நெக் பிடித்ததை வாங்குங்கள். கையில் சுகமாக இருக்கும் கிட்டாரைத்தான் தினமும் எடுப்பீர்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு. பிடித்த ஒலி வேறு குடும்பமாக இருந்தால், அதாவது மனது ஹம்பக்கரில் இருந்து நெக் மட்டும் ஸ்ட்ராடில் பிடித்திருந்தால், அவசரப்படாமல் அந்த நெக்கோடு ஹம்பக்கர் வரும் வேறு மாடலைத் தேடுங்கள். ஒரு குடும்பத்துக்குள் பிக்கப் மாற்றுவது எளிது. சிங்கிள் காயில் இடத்தில் முழு அளவு ஹம்பக்கர் வைக்க மரத்தையும் தகட்டையும் வெட்ட நேரலாம், வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் 250 கிலோஓம் பாட் (pot) என்ற மின்தடைக்குப் பதில் 500 போட வேண்டியிருக்கும்.

வாங்கி வந்ததும் பிக்கப்பை மாற்றும் யோசனையை ஒரு ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் புதுக் கம்பி மாட்டுங்கள். அப்புறம் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, பிக்கப்பின் இரண்டு ஓர ஸ்க்ரூவையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகிக் கேளுங்கள். கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். கிட்ட வந்தால் சத்தமும் கடுமையும் கூடும், ரொம்பக் கிட்ட வந்தால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்ருதியைக் கலைக்கும். தள்ளிப் போனால் ஒலி இளகிக் காற்றோட்டமாகும். தடித்த கம்பிப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் இறக்கியதில் என் கிட்டாரின் நெக் பிக்கப்பில் இருந்த மொத்தை ஒலி ஒரே மாலையில் தெளிந்தது. அதற்கு முன் வேறு பிக்கப் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பணத்தில் ஒரு சின்ன ஆம்ப் வாங்கினேன்.